ஹெல்ரெய்சர் 5 'இன்ஃபெர்னோ': தியேட்டருக்கே வராத பாகம், பார்க்கலாமா?

சுவர்க்கோழி கேட்டது:

ஹெல்ரெய்சர் பேய்ப்பட வரிசையில முதல் நாலு பாகமும் முடிஞ்சாச்சு. அடுத்தது 2000-ல் நேரா வீடியோவுக்கு வந்த 'இன்ஃபெர்னோ'. இந்த வரிசையில் தியேட்டர் பக்கமே போகாத முதல் பாகம் இதுதான். "தொடரிலேயே நல்ல படம்"னு பாதிப் பேர், "இது ஹெல்ரெய்சரே இல்ல"ன்னு மீதிப் பேர். இது நாலாவது பாகத்தோட தொடர்ச்சியா? தலை முழுக்க ஊசி குத்தின நம்ம பின்ஹெட் எவ்வளவு நேரம் வர்றார்? இதுக்கப்புறம் இன்னும் அஞ்சு பாகம் நேரடி வீடியோவா இருக்கே, அதுல எதையாவது தொடலாமா? கிளைமாக்ஸை மட்டும் உடைச்சிடாதீங்க, புண்ணியமாப் போகும்.

---

மூன்றாம்சாமம்:

பார்க்கலாம். பின்ஹெட்டுக்காக உட்கார்ந்தால் மட்டும் ஏமாந்து போவீர்கள்.

தொடர்ச்சி பற்றிக் கவலை வேண்டாம். 1996-ல் வந்த 'பிளட்லைன்' 2127-ஆம் ஆண்டில், விண்வெளி நிலையத்தில் முடிகிறது. தொடரின் மையமான புதிர்ப்பெட்டியின் கதைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பாகங்கள் நம் காலத்தில் நடப்பவை என்பதால் எதுவும் எதனோடும் முட்டாது. இன்ஃபெர்னோவில் முதல் இரண்டு பாகத்தின் நாயகி கிர்ஸ்டி கிடையாது, பெட்டியைச் செய்த லெமார்ஷாண்டின் வாரிசுகளும் கிடையாது. பெட்டியைத் திறந்தால் கொக்கிச் சங்கிலியோடு ஆள் வரும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

கதை ஜோசப் தார்ன் என்ற துப்பறியும் போலீஸ்காரனுடையது. மூளைக்காரன், கைசுத்தம் இல்லாதவன். சங்கிலிகளால் கிழித்துப் போடப்பட்ட ஒரு உடலுக்குப் பக்கத்தில் பெட்டி கிடக்கிறது. கூடவே ஒரு மெழுகுவத்தி, அதற்குள் ஒரு குழந்தையின் விரல். கைக்குக் கிடைத்த பணத்தையும் போதைப்பொருளையும் இவன் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். வீட்டில் மனைவியும் மகளும் இருக்க, அன்று ராத்திரியே ஒரு பாலியல் தொழிலாளியோடு மோட்டலுக்குப் போய், குளியலறைத் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திருப்புகிறான். மறுநாள் அவள் கொலையாகிக் கிடக்க, தன் தலை தப்ப வேண்டும் என்று கூட்டாளியையும் சேர்த்து மாட்டிவிடப் பார்க்கிறான். இவ்வளவும் படத்தின் முதல் பகுதிக்குள்ளேயே நடந்துவிடும் என்பதால் சொன்னேன், இதில் எதுவும் கெடாது.

படம் நிற்பது இங்கேதான். நாயகன் நல்லவன் என்று ஒரு நொடிகூட நம்மை நம்பச் சொல்வதில்லை. அவனே பின்னணிக் குரலில் தன்னை நியாயப்படுத்திக்கொண்டு வருகிறான், நாம் பார்ப்பதோ வேறாக இருக்கிறது. அந்த இடைவெளிதான் படத்தின் பயம். நடித்த க்ரெய்க் ஷெஃபர், இந்தத் தொடரை உருவாக்கிய க்ளைவ் பார்க்கரே இயக்கிய 'நைட்பிரீட்' (1990) படத்தின் நாயகன். மனநல மருத்துவராக வரும் ஜேம்ஸ் ரெமார் குரலை உயர்த்தாமலேயே பயமுறுத்துவார். இயக்குநர் ஸ்காட் டெரிக்சனுக்கு இது முதல் முழுநீளப் படம். 'எமிலி ரோஸ்' (2005), 'சினிஸ்டர்' (2012), 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' (2016) எல்லாம் அப்புறம் வந்தவை. சினிஸ்டரில், வீட்டுக்குள் இருந்துகொண்டே தன் குடும்பத்தைக் கைவிடுகிற ஒரு அப்பா வருவார் அல்லவா, அந்த ஆளின் முதல் வரைவு இங்கே இருக்கிறது.

பின்ஹெட் மொத்தத்தில் சில நிமிடங்கள்தான் வருகிறார், வாய் திறந்து பேசுவது கடைசியில். இதை நேரடி வீடியோ கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1987-ல் வந்த முதல் படத்திலேயே அவருக்கு நேரம் கொஞ்சம்தான். அதன் டைட்டிலில் பெயர்கூட பின்ஹெட் கிடையாது, 'லீட் செனோபைட்' என்றுதான் போட்டிருப்பார்கள் (பெட்டியைத் திறந்தால் வரும் கூட்டத்துக்குப் பெயர்தான் செனோபைட்). வித்தியாசம் என்னவென்றால், அங்கே அவர் இல்லாத நேரத்தைப் பெட்டியைத் திறந்து மாட்டிக்கொண்ட ஃப்ராங்க் நிரப்பினான். இங்கே நிரப்புவது தார்னின் குற்றவுணர்ச்சி.

ஒரு காட்சியை மட்டும் கவனித்துப் பாருங்கள். முகத்தில் கம்பி இழுத்துக் கட்டிய இரண்டு பெண்கள் தார்னின் நெஞ்சைத் தடவுகிறார்கள். கை அப்படியே தோலுக்கு அடியில் போய்விடுகிறது. விரல்கள் உள்ளே நகர்வது வெளியே மேடாகத் தெரிகிறது. அவன் முகத்தில் வலியா சுகமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பார்க்கரின் உலகம் என்னவென்று இந்த ஒரு காட்சிக்குத் தெரிந்திருக்கிறது. இடுப்புக்குக் கீழ் ஒன்றுமில்லாமல் கையால் ஊர்ந்து வரும், சாட்டரர் என்ற செனோபைட்டும் நன்றாகவே இருக்கும்.

சறுக்கல் என்றால், நடுவில் காட்டுக்குள் சீட்டாடும் கௌபாய் கும்பலும் அங்கே நடக்கும் கராத்தே சண்டையும். கனவு மாதிரி இருக்க வேண்டும் என்று எடுத்திருக்கிறார்கள், வேறு படத்து ரீல் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. மொத்தம் 99 நிமிடம், அதில் பத்து நிமிடத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம்.

இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் இருக்கும் அறையில் போடாதீர்கள். ரத்தம்கூடப் பரவாயில்லை. வயதான பெற்றோர், மனைவி, மகள் என்று குடும்பத்தைத் தொடும் காட்சிகள் மனதைப் பிசைந்துவிடும்.

---

கொக்கிசங்கிலி:

சாமம் சொன்னதுல பாதிக்கு ஒத்துக்கறேன். படமா நல்ல படம். ஹெல்ரெய்சரா தப்பான படம். ஏன்னு சொல்றேன்.

முதல் படத்துல செனோபைட்டுங்க நீதிபதிங்க கிடையாது. நீ நல்லவனா கெட்டவனான்னு அவங்க கேக்கறதே இல்ல. ஃப்ராங்க் பெட்டியை வாங்கறது சுகத்தோட எல்லை எங்கேன்னு தேடி. அவங்க வந்து அந்த எல்லையைக் காட்டுறாங்க, அவ்வளவுதான். அதனாலதான் அவங்க சிலருக்குத் தேவதை, சிலருக்குப் பிசாசு. 1988-ல வந்த இரண்டாம் பாகத்துல இது இன்னும் தெளிவு. டாக்டர் சானர்ட் தன் கை அழுக்காகக் கூடாதுன்னு, வாய் பேசாத டிஃபனி கையில பெட்டியைக் கொடுத்துத் திறக்க வைப்பான். அவங்க வந்து நிப்பாங்க, ஆனா பின்ஹெட் அவளைத் தொட விடமாட்டார். திறந்தது அவ கை, கூப்பிட்டது வேற ஒருத்தன் ஆசைங்கறது அவர் கணக்கு. பேய்ப்படத்துல இந்த மாதிரி ஒரு விதி கிடைக்கறது அபூர்வம்.

இன்ஃபெர்னோ அந்த விதியைத் தூக்கிப் போட்டுட்டு பின்ஹெட்டைப் பிரசங்கியாராக்கிடுச்சு. நீ மனைவிக்குத் துரோகம் பண்ணினே, நண்பனை ஏமாத்தினே, அதனால இந்தா வாங்கிக்கோன்னு. அது சாதாரண நரகம், எல்லாருக்கும் தெரிஞ்ச பாவம்-தண்டனைக் கணக்கு. இதைப் பண்றதுக்கு ஊசி குத்தின தலை எதுக்கு, எமதர்மராஜாவே போதுமே!

---

மூன்றாம்சாமம்:

நியாயமான அடி. பிரசங்கம் என்பதை மறுக்க மாட்டேன், கடைசிப் பேச்சு பாதி நீளத்தில் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் இரண்டாம் பாகத்தைப் பாதிதான் சொன்னீர்கள். அதே படத்தில் கிர்ஸ்டி நரகத்துக்குள் போய் ஃப்ராங்கைப் பார்ப்பாள், நினைவிருக்கிறதா? அவனைச் சுற்றி வெள்ளைத் துணி மூடிய பெண் உருவங்கள் நெளிந்துகொண்டிருக்கும். துணியை விலக்கினால் ஆள் இருக்காது. அவன் ஆசையையே அவனுக்குத் தண்டனையாக வைத்திருப்பார்கள். ஆளுக்கொரு நரகம் என்ற யோசனை அங்கேயே வந்துவிட்டது. இன்ஃபெர்னோ அந்த ஒரு அறையை எடுத்து முழுப் படமாக்கியிருக்கிறது. விதியை மீறியது என்பதைவிட, விதியின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்று சொல்வேன்.

---

பழையகேசட்:

கேள்வியின் மூன்றாவது பகுதிக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். முதலில், இந்தப் பாகங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது தெரிந்தால் எதைத் தொடலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

நேரடி வீடியோ படத்துக்கு விளம்பரச் செலவு கிடையாது. அட்டைப்படம்தான் விளம்பரம். கடை அலமாரியில் பின்ஹெட் முகம் தெரிந்தால் கை தானாகப் போகும். ஆக அட்டைக்கு அவர் கட்டாயம். படத்துக்குள்ளே அவரைக் கொண்டுவருவதற்குத்தான் செலவு: ஒவ்வொரு படப்பிடிப்பு நாளும் தலை முழுக்க மேக்கப் போடப் பல மணி நேரம் போகும், சின்னப் படத்தின் கால அட்டவணை அதைத் தாங்காது. அதனால் அவருடைய காட்சிகளை ஓரிரு இடத்தில் மொத்தமாக அடைத்து, சில நாளில் எடுத்து முடித்துவிடுவார்கள். கதை வேறு ஒருவனைச் சுற்றிப் போகும்.

இதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. சம்பந்தமே இல்லாத பேய்க்கதை ஒன்றை எடுத்து, நடுவே பெட்டியைச் செருகி 'ஹெல்ரெய்சர்' என்று பெயர் வைப்பது. ஏழாவது பாகம் 'டெடர்' அப்படிப் பிறந்ததுதான். ஒட்டு தெரியும் இடங்கள் எப்போதும் ஒன்றே: பெட்டியைப் பற்றி ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு தடவை விளக்குவார், பின்ஹெட் கனவு மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வந்து வசனம் பேசுவார், அவர் வரும் காட்சிகளை உருவிவிட்டாலும் கதை அப்படியே நிற்கும்.

சரி, ஒவ்வொன்றாக. 'ஹெல்சீக்கர்' (2002): பார்க்கலாம். ஆஷ்லி லாரன்ஸ் கிர்ஸ்டியாகத் திரும்பி வருகிறார், கணவன் ட்ரெவராக டீன் வின்டர்ஸ். கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. கணவன் பிழைக்கிறான், மனைவியின் உடலைக் காணோம், அவன் நினைவில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. 89 நிமிடம், இழுக்காமல் போகும். ஒரே எச்சரிக்கை: இதன் வித்தையும் இன்ஃபெர்னோவின் வித்தையும் ஒரே அச்சு. இரண்டையும் அடுத்தடுத்த ராத்திரி பார்த்தால் இரண்டாவது புஸ்வாணமாகிவிடும். நடுவில் ஒரு மாதம் விடுங்கள். கிர்ஸ்டியும் பின்ஹெட்டும் நேருக்கு நேர் நிற்கும் ஒரு கட்டம் இருக்கிறது, இரண்டாம் பாகத்துக்குப் பிறகு தொடரில் அந்த அளவுக்கு எதுவும் இல்லை.

'டெடர்' (2005): ருமேனியாவில் எடுத்தது. செத்தவர்களை எழுப்பும் ஒரு கூட்டத்தைத் தேடி நிருபர் ஒருத்தி புக்கரெஸ்ட் போகிறாள். முதல் பாதி உண்மையிலேயே கனமாக இருக்கிறது. முதுகில் இறங்கிய கத்தி நெஞ்சு வழியாக நீட்டிக்கொண்டிருக்க, கைக்கு எட்டாத அதை அவள் தனியாக உருவப் போராடும் காட்சி ஒன்று போதும். நிருபராக வரும் காரி வூரர் அதில் நன்றாக நடித்திருப்பார். பெட்டி வந்ததும் படம் படுத்துவிடுகிறது.

'ஹெல்வேர்ல்ட்' (2005): இணைய விளையாட்டு, பார்ட்டி, வரிசையாகச் சாகும் இளசுகள். ஹென்றி காவில் சூப்பர்மேன் ஆவதற்கு முன் எப்படி இருந்தார் என்று பார்க்கலாம், லான்ஸ் ஹென்றிக்சன் சும்மா நின்றாலே பார்க்கலாம். மற்றபடி மொக்கை. ஆறு, ஏழு, எட்டு மூன்றுமே ரிக் போட்டா இயக்கியவை. மனிதர் ஒளிப்பதிவாளராக இருந்து வந்தவர் என்பது கதை காலியான இடத்திலும் ஃப்ரேமில் தெரியும்.

'ரெவலேஷன்ஸ்' (2011): வேண்டாம். உரிமை கைவிட்டுப் போகாமல் இருக்கச் சில வாரங்களில் சுட்டு முடித்த படம். 75 நிமிடம்தான், இருந்தும் ஓடமாட்டேன் என்கிறது. அதுவரை பின்ஹெட்டாக நடித்த டக் பிராட்லி நடிக்க மறுத்துவிட்டார், உடம்பு ஒருவருடையது குரல் வேறொருவருடையது. பார்க்கரே இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று பொதுவில் கெட்ட வார்த்தையோடு கைகழுவிய படம்.

'ஜட்ஜ்மென்ட்' (2018): பாதி. இந்தத் தொடருக்குப் பல வருடம் மேக்கப் செய்த கேரி டனிக்ளிஃப் எழுதி இயக்கியது. முந்தைய ரெவலேஷன்ஸை எழுதியதும் அவர்தான், ஆனாலும் இதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். நரகத்துக்கு ஒரு அலுவலகம் வைத்திருக்கிறார். குமாஸ்தா எதிரே உட்கார்ந்து பாவங்களைத் தட்டச்சு செய்வார், அடுத்த அறையில் ஒருவர் அந்தக் காகிதங்களைச் சாப்பிட்டுத் தீர்ப்புக்கு அனுப்புவார். அந்தக் குமாஸ்தா வேடம் இயக்குநரே போட்டது. அந்த அலுவலகக் காட்சிகள் அருவருப்பிலும் புதுசு. அதைச் சுற்றியுள்ள தொடர் கொலைகாரன் விசாரணையோ பழைய சோறு.

---

கொக்கிசங்கிலி:

டெடர் பத்திச் சொன்னதுக்கு ஒரு கைதட்டு. அந்த ரயில் பெட்டிக் காட்சியையும் சேர்த்துக்கோங்க.

---

திரைக்குப்பின்:

படம் எது என்பதைவிட எப்படிப் போடுகிறீர்கள் என்பதில் இந்தப் பாகங்கள் அதிகம் அடிபடும். இன்ஃபெர்னோ முக்கால்வாசி இருட்டு, மோட்டல் அறை, மங்கலான தாழ்வாரம். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் முதலில் அணையுங்கள். அது இருந்தால் மேக்கப் எல்லாம் ரப்பர் என்று பளிச்சென்று தெரிந்துவிடும், படமும் டிவி சீரியல் போல ஆகிவிடும். காட்சிக்குத் தக்கபடி வெளிச்சத்தைத் தானாக ஏற்றி இறக்கும் அமைப்பையும் அணையுங்கள், இல்லையென்றால் கருப்பில் இருக்கும் உருவம் காட்சி நடுவே திடீரென்று சாம்பல் நிறமாகும்.

கருப்பு முழுக்கச் சாம்பலாகவோ, அல்லது ஆள் போட்டிருக்கும் கோட்டும் பின்னால் சுவரும் ஒன்றாகக் கலந்த மசியாகவோ தெரிந்தால் படத்தைக் குறை சொல்வதற்கு முன், பிளேயரும் டிவியும் ஒரே கருப்பு அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று முழு வீச்சிலும் மற்றது குறைந்த வீச்சிலும் இருந்தால் இதுதான் நடக்கும். இரண்டையும் ஒரே மாதிரி வையுங்கள், பெரும்பாலும் அத்தோடு தீரும்.

பழைய பிரதிகளில் பக்கவாட்டை வெட்டிச் சதுரமாக்கியவை சுற்றுகின்றன. இருவர் எதிரெதிரே பேசும் காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் ஓரத்தில் தெரிந்தால் அது வெட்டிய பிரதி. சதுரத்தை இழுத்து அகலமாக்கியிருந்தால் வண்டிச் சக்கரம் முட்டை வடிவில் இருக்கும்.

தார்னின் பின்னணிக் குரல் தாழ்வாகவும் சங்கிலிச் சத்தம் உச்சத்திலும் வரும். சப்டைட்டில் போட்டுக்கொண்டால் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

---

பொம்மைக்கடை:

நேரடி வீடியோன்னாலே அட்டைக்கு ஒண்ணு, உள்ளே ஒண்ணுன்னு முடிவு பண்ணிட வேண்டாம். 2013-ல வந்த, கொலைகாரப் பொம்மை சக்கியோட படமான 'கர்ஸ் ஆஃப் சக்கி' இதுக்கு நேர் எதிர். 1988 முதல் படத்துல இருந்து எழுதிட்டு வந்த டான் மான்சினியே எழுதி இயக்கினார், சக்கியோட குரல் அதே பிராட் டூரிஃப், நாயகி அவரோட மகள் ஃபியோனா. பட்ஜெட் சின்னதுன்னு கதையையும் சின்னதாக்கினாங்க: ஒரு பழைய வீடு, ஒரு ராத்திரி, சக்கர நாற்காலியில நாயகி, மாடிக்குப் போக ஒரு பழைய லிஃப்ட். லிஃப்ட் நின்னா என்ன ஆகும்ங்கறதுதான் பாதி பயம். எல்லாரும் சுத்தி உக்காந்து சாப்பிடும்போது ஒரு கிண்ணத்துல மட்டும் விஷம். யார் கிண்ணம்னு தெரியாம கேமரா மேலே இருந்து பாத்துட்டே இருக்கும். காசு செலவே இல்லாத பதற்றம்.

எடுக்கும்போது தணிக்கைக்கு வெட்டாத பதிப்பா எடுங்க. டைட்டில் எல்லாம் ஓடி முடிஞ்ச பிறகு வர்ற காட்சி அதுலதான் இருக்கு, வெட்டின பதிப்புல இல்ல. முதல் ரெண்டு பாகம் பாத்தவங்களுக்கு அது பெரிய விருந்து, அடுத்த பாகமான 'கல்ட்' (2017) புரியறதுக்கும் உதவும்.

பழையகேசட் சொன்ன சோதனையை இதுல போட்டுப் பாருங்க. சக்கியை எடுத்துட்டா இங்க கதையே இல்ல.

---

சுவர்க்கோழி:

அருமை, எல்லாருக்கும் நன்றி. இன்ஃபெர்னோ இந்த வாரம், ஹெல்சீக்கர் அடுத்த மாசம், மத்ததுல டெடர் மட்டும்னு முடிவு. ரெண்டு சின்னச் சந்தேகம். ஹெல்சீக்கருக்கு முன்னாடி இன்ஃபெர்னோ அவசியமா? 2022-ல வந்த புதுசு இதுங்களோட சேருமா?

---

பழையகேசட்:

ஹெல்சீக்கருக்கு ஐந்து தேவையில்லை. ஒன்றும் இரண்டும்தான் தேவை, கிர்ஸ்டி யார், பின்ஹெட்டோடு அவளுக்கு என்ன பழைய கணக்கு என்பது தெரியாமல் பார்த்தால் கடைசிக் கால் மணி நேரம் வீண். 2022 படம் டேவிட் ப்ரக்னர் இயக்கியது, பின்ஹெட்டாக ஜேமி கிளேட்டன். புதிதாகத் தொடங்கியது, எதோடும் ஒட்டாது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

---

மூன்றாம்சாமம்:

தேடும்போது பெயரை முழுசாகப் போடுங்கள். 'இன்ஃபெர்னோ' என்று மட்டும் அடித்தால் டாரியோ அர்ஜெண்டோவின் 1980 படம் முன்னால் வந்து நிற்கும். 'ஹெல்பவுண்ட்' என்றால் 2021 கொரியத் தொடர் வரும், அதே பெயருள்ள நம்முடைய இரண்டாம் பாகம் அல்ல. அர்ஜெண்டோ படம் தப்பித் தவறிச் சிக்கினால் நிறுத்தாதீர்கள், அதில் வெள்ளம் நிறைந்த ஒரு நிலவறைக் காட்சி இருக்கிறது, அதற்குத் தனி இழை போட்டுப் பேசலாம்.